எழுபது வளைவும் இரண்டு மணி நேரமும்

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே தூறல். செம்மேடு பஸ் நிலையம் பனியில் காணோம். இ-சேவை மையத்தைத் திறக்கும்போது ஒன்பதே கால். கரண்ட் இருந்தது, நெட் இல்லை. பத்தரைக்குத்தான் வந்தது.

இன்றைக்கு:
பிரிண்டர் மை.
சாதிச் சான்று நான்கு பேருக்கு. (இரண்டு பேர் ஆதார் கொண்டுவரவில்லை. திருப்பி அனுப்பியாயிற்று.)
அப்பாவுக்கு முட்டிவலித் தைலம்.
கடையைப் பார்ப்பது.

புது நோட்டு, அதனால் ஒருமுறை எழுதி வைக்கிறேன். கடை என்றால் மளிகைக் கடை இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கிற இணையக் கடை. உலகமே அங்கேதான் வாங்குகிறது. அதில் ஏதோ ஒரு மூலையில் எங்கள் ‘நாலே முக்கால்’. நிரல் எழுதியது நான், படம் வரைந்தது தமிழ்ச்செல்வி. செ. என்று போட்டால் அவள்தான். காரவள்ளியில் மாலை நாலே முக்கால் பஸ்ஸை எடுத்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, செம்மேட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. மழை உண்டு. எதிரே லாரி உண்டு.

போன வாரம் விற்றது பதினொன்று. திருப்பிக் கொடுத்தது எட்டு.

எட்டில் ஒருவர் விமர்சனமும் எழுதியிருக்கிறார். “அருமை. ஒரே மூச்சில் முடித்தேன். மழைச் சத்தம் மனதிலேயே நிற்கிறது.” எழுதிவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடையின் சட்டம் அப்படி. இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் வாபஸ். எங்கள் ஆட்டமோ முழுதாகவே ஒரு மணி நாற்பது நிமிடம்.

ஏன் ஒரு மணி நாற்பது? எங்கள் பஸ் அவ்வளவு நேரம் ஓடும் என்பதால். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, வளைவு வளைவாகக் குறித்து, அதே அளவில் செய்தோம். ஊரில் இருப்பது எழுபது, ஆட்டத்திலும் எழுபதுதான் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். கடையின் சட்டத்தை எவள் படித்தாள். மலைக்காரி ஒருத்திதான் இப்படியொரு தப்பைப் பண்ணமுடியும்.

மதியம் செ. போன், கோயம்புத்தூரிலிருந்து.

“ஏம்புள்ள, இன்னொரு பதினஞ்சு வளைவு சேத்துப் போட்டா என்ன? வெளிநாட்டுல ஒக்காந்து வெளயாடறவனுக்கு எழுபதா, எம்பத்தஞ்சான்னு தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“உனக்குத் தெரிஞ்சு என்னத்துக்காகுது? திங்கக்கெழம அந்தச் சீட்டாட்டக் கம்பெனிக்குப் பதில் சொல்லோணும். ராஜா, ராணி வரையற வேல. போனா இதுக்கெல்லாம் நேரம் இருக்காது. ஒண்ணு நீட்டு, இல்லீன்னா கடைய உட்டு எடுத்துரு. தின்னுட்டு எலைய மட்டும் திருப்பிக் குடுக்கறத என்னால பாத்துட்டு இருக்க முடியல.”

அடுத்த ஆட்டம் பாதியில் கிடக்கிறது. அவள் போய்விட்டால் அதுவும் போச்சு. நான் தனியாகச் செய்தால் வெறும் கட்டமும் கோடும்தான் இருக்கும். பயமாக இருக்கிறது. வேலை போவதைவிட வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற அவள் போன் போய்விடுமே என்றுதான் பயம்.

தைலம் வாங்க மறந்தேன்.


நவம்பர் 5, புதன்

மழை இல்லை. குளிர். அப்பா சோளக்காடு சந்தைக்கு வாழைத்தார் கொண்டுபோய்விட்டு வந்தார். முகம் பார்த்தே விலை சரியில்லை என்று தெரிந்துகொண்டேன்.

சாப்பிடும்போது கடை விஷயத்தைச் சொன்னேன். நூற்றுக்கு முப்பது கடைக்குப் போகிறது என்றதும் கையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

“முப்பதா? மண்டிக்காரனே பத்துதான் புடிக்கறான். அதுக்கே நான் சண்ட போட்டுட்டு வாரேன். முப்பதுக்கு அவன் என்ன பண்றானாம்? எட போடறானா? லோடு ஏத்தறானா?”

“இல்லீங்கப்பா. கடையத் தொறந்து வெச்சிருக்கான்.”

“அதுக்கு முப்பதா!”

சோற்றை மறுபடி பிசைந்துகொண்டே அவராகவே: “செரி, அவன் இல்லீன்னா உம்பட சரக்க ஆரு வாங்குவாங்க கண்ணு?”

யாரும் வாங்கமாட்டார்கள். அதுதான் நிஜம். தனியாக ஒரு வலைத்தளம் போட்டு முதல் ஆறு மாதம் விற்றுப் பார்த்தோமே. மூன்று பேர். அதில் ஒருவர் செ.யின் வீட்டுக்காரர்.

திருப்பிக் கொடுக்கிற சங்கதியைக் கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. “பலாப்பழத்த ஊட்டுக்குக் கொண்டுபோயி, சொளையெல்லாம் தின்னு முடிச்சு, கொட்டையக் கொண்டாந்து குடுத்தா காசு குடுக்கறானா? எந்த ஊரு சந்தைங்கண்ணு அது? நானும் வாரேன்.”

சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்திருந்தபோது ராசிபுரம் ஞாபகம் வந்துவிட்டது. கல்லூரி விடுதியில் இருந்தபோது பஸ் நிலையத்துக்குப் பின்னால் வீடியோ கேம் ரூம் ஒன்று. ஆறு டிவி, ஒரு மின்விசிறி, வியர்வை நாற்றம். மணிக்கு ஐந்து ரூபாய். பெண்பிள்ளைகள் என்று போனது நானும் செ.யும் மட்டும்தான். பையன்கள் முதலில் முறைத்தார்கள். அப்புறம் கார்ப் பந்தயத்தில் செ. எல்லோரையும் தோற்கடித்தாள், இடம் விட்டார்கள். கரண்ட் போய்விட்டால் மீதி நிமிடத்தைச் சுவரில் சாக்பீஸால் பேரோடு எழுதி வைப்பார் அந்த அண்ணன். “கலை 20” என்றால் எனக்கு இருபது நிமிடம் பாக்கி. அடுத்த வாரம் போனாலும் அந்த இருபது நிமிடம் அங்கே இருக்கும். ஆனால் அவருடைய சுவர்க் கடிகாரம் மணிக்கு ஐந்து நிமிடம் முந்தி ஓடும். எல்லோருக்கும் தெரியும். “என்னங்கண்ணா, உங்க ஊட்டு மணி மட்டும் எங்கயோ ஓடுது?” என்று செ. கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடம் கூடத் தருவார்.

கேட்க ஒரு முகம் இருந்தது. அந்த நாட்கள் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்த வியர்வை நாற்றத்தோடு சேர்த்தே வேண்டும்.


நவம்பர் 6, வியாழன்

காலையில் மூடுபனி, பத்து மணிக்கு வெயில். மையத்தில் கூட்டம். பட்டா, பட்டா, பட்டா.

கடைக்கு எழுதிப் போட்டேன். சின்ன ஆட்டங்களுக்கு மணிக்கணக்கு வேண்டாம், முழுதும் முடித்துவிட்டவர்களுக்கு வாபஸ் இல்லை என்று வையுங்கள். இவ்வளவுதான் கேட்டது. மூன்று நிமிடத்தில் பதில். “உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியமானது.” மூன்று நிமிடத்தில் எந்த மனுஷன் படித்தான்?

இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது, அவர்களாக அனுப்பியது. விலையை முக்கால்வாசி குறைத்தால் பண்டிகை விற்பனையில் முகப்பில் போடுவார்களாம். நான்கு வருட வேலை ஒரு பரோட்டா விலைக்கு.

கோபமாக ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நடுவில் ஒன்று உறுத்தியது, அதையும் எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். போன வருடம் நானே ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஏரியில் மீன் பிடிக்கிற விளையாட்டு. ஒன்றரை மணி நேரம் விளையாடினேன். காரணம் என்ற இடத்தில் “சுவாரசியமில்லை” என்று அழுத்தினேன். பொய். சுவாரசியமாகத்தான் இருந்தது. கொடுக்கலாம் என்று இருந்ததால் கொடுத்தேன், அவ்வளவே. அதையும் எங்கோ இரண்டு பேர் உட்கார்ந்து செய்திருப்பார்கள்.

கடை மட்டும் அநியாயம் என்று எப்படிச் சொல்வது? வேண்டாததை வாங்கி ஏமாந்த பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் நல்லதுதானே. நம் சந்தையில் அழுகின பழத்தைக் கொண்டுபோய் நீட்டினால் யார் வாங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதுதான் கொடுமை. நூறு மணி நேர ஆட்டத்துக்கும் இரண்டு மணி. எங்களுக்கும் இரண்டு மணி.

சாயங்காலம் பழைய மடிக்கணினியைத் திறந்து ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். முதல் வருடம். நானும் செ.யும் கடைசி ஸீட்டில், அவள் மடியில் ஒலிப்பதிவுக் கருவி, அதன் மேல் துண்டு. கியர் மாற்றுகிற சத்தம். ஒரு பாட்டியம்மா “என்ன பொட்டிங்க அது?” என்கிறார். செ. கிசுகிசுப்பாக “பேசாதீங்க ஆயா, பஸ்ஸு பேசுது” என்கிறாள். அப்புறம் இருவரும் சிரிக்கிற சிரிப்பில் ஹாரன் கேட்கவில்லை, மறுபடி ஒரு வாரம் போய் எடுத்தோம்.

கடையில் வெளிவந்த அன்றைக்குக் காலை முதல் விற்பனை ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து. அந்த ஊர் எங்கே என்று தேடி, அங்கே மலையே இல்லை என்று கண்டுபிடித்து, அதற்கு அரை மணி நேரம் மகிழ்ந்தோம். அன்றைக்குக் கடை எங்களுக்குக் கோயில் மாதிரி இருந்தது.


நவம்பர் 7, வெள்ளி

தூறல், காற்று. தைலம் வாங்கியாயிற்று.

பதினொரு மணிக்கு மையத்தில் நுழைந்தது யாரென்றால் டிரைவரண்ணன்! மாணிக்கம் அண்ணன். எங்கள் நாலே முக்கால் வண்டியை எங்கள் கல்லூரிக் காலம் முழுக்க ஓட்டியவர். ஓய்வு பெற்று நான்கு வருடம். தலை முழுக்க வெள்ளை, அதே நிமிர்ந்த முதுகு.

“பென்ஷனுக்கு, நான் உசுரோட இருக்கறேன்னு காட்டோணுமாம் சாமி. காட்டு.”

காட்டவிடவில்லை இயந்திரம். ஸ்டியரிங் பிடித்துத் தேய்ந்த கை, ரேகை விழவில்லை. கருவிழிப் பதிவு எடுப்பதற்குள் சர்வர் படுத்துவிட்டது. உட்காருங்கள் என்று பக்கத்துக் கணினியைக் காட்டினேன். அதில் ஆட்டம் திறந்திருந்தது.

“இது எம்பட வண்டியாட்ட இருக்குதே!”

“உங்குளுதுதானுங்கண்ணா.”

“அன்னைக்கு ரெண்டு பேரும் பொட்டியத் தூக்கிட்டு ஏறுனீங்களே, இதுக்குத்தானா?”

விசைப்பலகையில் எந்த விசை எதற்கு என்று ஒருமுறை சொன்னேன். போதும். ஒரு வளைவில்கூட உரசவில்லை. இறங்குகிற லாரிக்கு ஒதுங்கி நின்று, கையைத் தூக்கி ஒரு சலாம் வேறு, திரையைப் பார்த்து. சான்றுக்கு வந்த நான்கு பேர் பின்னால் நின்று வேடிக்கை.

நாற்பத்தேழாவது வளைவில் பிரேக் போட்டார். நிறுத்திவிட்டார். திரையில் சிவப்பாக “தாமதம்! தாமதம்!” என்று மின்னுகிறது. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

“தண்ணி எங்க சாமி?”

“என்ன தண்ணிங்கண்ணா?”

“ரேடியேட்டருக்குத்தான். இங்க தண்ணி ஊத்தாம மேல ஏத்துனா எஞ்சின் என்னத்துக்காகும்? இருவத்தஞ்சு நிமிசம் ஆற உட்டுத்தான எடுப்பேன். மறந்துட்டியா?”

மறக்கவில்லை. நான்தான் வெட்டினேன்.

உண்மையைச் சொன்னால் மலை ஏறுகிற நேரம் ஒரு மணி நாற்பது இல்லை. இரண்டு மணி ஐந்து. நாற்பத்தேழில் வண்டி நிற்கும். கிளீனர் இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போவார். ஆண்கள் பீடி, பெண்கள் வெற்றிலை, யாராவது வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். விடுதியிலிருந்து முதல் வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தபோது, அங்கே கைப்பிடிச் சுவரில் ஒருத்தி உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பஸ்ஸை வரைந்துகொண்டிருந்தாள். “டயரு பெருசாப் போச்சு” என்றேன். “நீ வரையேன் பாக்கலாம்” என்றாள். அதுதான் நானும் செ.யும் பேசிய முதல் பேச்சு.

ஆட்டத்துக்கு அந்த நிறுத்தத்தை அவள் இருபத்திரண்டு படமாக வரைந்திருந்தாள். ஒவ்வொரு பயணியையும் தனித்தனியாக. “யாரும் சும்மா நிக்கமாட்டாங்க, போரடிக்கும்” என்று சொல்லி நான் அத்தனையையும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவள் “செரி” என்றாள். ஒரே ஒரு செரி. ஊரில் இருப்பது எழுபது என்று உண்மைக்கு வக்காலத்து வாங்கியவள், இருபத்தைந்து நிமிட உண்மையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் போன் செய்தேன்.

“அந்தத் தண்ணி ஊத்தற எடத்துப் படமெல்லாம் இருக்குதா?”

“எதுக்கு இப்ப?”

“டிரைவரண்ணன் கேட்டாரு.”

“மூணு வருசத்துக்கு முன்னாடி ஆரும் கேக்காமயே வரைஞ்சு குடுத்தேன்.”

வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து இருபத்திரண்டு படமும் வந்தன. கூட ஒரு வார்த்தை இல்லை. திறந்து பார்த்து அழுதேன்.


நவம்பர் 8, சனி

நல்ல வெயில். இரண்டாம் சனி, மையம் விடுமுறை. காலையிலிருந்து நிரல்.

முடித்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மணி ஐந்து நிமிடம்.

முதலில் துள்ளினேன். இனி முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கமுடியாது. ஒரு வளைவுகூடப் பொய் சேர்க்கவில்லை. டீ போட்டுக் குடித்தேன். குடிக்கும்போதே சந்தோஷம் ஆறிவிட்டது. பிடிக்காதவர்களையும் ஓடையோரம் இருபத்தைந்து நிமிடம் கட்டிப்போட்டு, கெடு தாண்டினதும் போ என்று விடுவதா? அதற்குக் கடையே தேவலை. அவர்கள் சட்டத்தையாவது முதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பொத்தான் வைத்தேன். “உடனே கிளம்பு.” வேண்டியவர்கள் நிற்கட்டும், மற்றவர்கள் போகட்டும்.

செ.யிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ.

“அப்ப பழையபடி முடிச்சுட்டுத் திருப்பிக் குடுப்பாங்க.”

“குடுக்கட்டும். நிக்க வெச்சுப் புடுங்கறது எனக்கு நாயமாத் தெரியல.”

“உனக்கு எல்லாத்துலயும் நாயம். நான் வரைஞ்சதுல மட்டும் எப்பவுமே ஒரு வெட்டு. அன்னைக்கு நீயே வெட்டுன. இன்னைக்குக் கத்தரிய வாங்கறவன் கையில குடுக்கற.” குரல் உடைந்துவிட்டது. “திங்கக்கெழம நான் வாரேன்னு அந்தக் கம்பெனிக்குச் சொல்லிருவேன். உன்ற மேல கோவமில்ல புள்ள. அலுத்துப் போச்சு.”

கோபம் என்றால் சமாதானப்படுத்தலாம். அலுப்புக்கு என்ன செய்வது? பொத்தானை எடுத்துவிடலாமா என்று மூன்று முறை திறந்தேன், மூன்று முறை மூடினேன். அவள் சொல்வதும் சரி. நான் சொல்வதும் சரி. அப்பா சாப்பிடக் கூப்பிட்டார், பசியில்லை.


நவம்பர் 9, ஞாயிறு

பனி. மையம் விடுமுறைதான், டிரைவரண்ணனுக்காகத் திறந்தேன். பத்தரை வண்டிக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழை. கருவிழிப் பதிவு இன்றைக்கு விழுந்தது. உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது.

“செரி, வண்டியக் குடு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நாற்பத்தேழில் நிறுத்தினார். இந்த முறை எல்லோரும் இறங்கினார்கள். கிளீனர் கேனோடு போவதைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். ஒவ்வொருவராகப் பேர் சொன்னார். வெற்றிலைக்கார அம்மா. மூட்டையோடு வருகிற மிளகு வியாபாரி. வாந்தி எடுக்கிற வாத்தியார். செ. எதையும் விடவில்லை. பொத்தான் மூலையில் இருந்தது, அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தண்ணீர் ஊற்றியாயிற்று. எல்லோரும் ஏறினார்கள். “எடுக்கலாமா?” என்று திரை கேட்கிறது.

எடுக்கவில்லை. விரலை நீட்டி நீட்டித் தலை எண்ணுகிறார்.

“ஆளு கொறையுது.”

“எல்லாரும் ஏறியாச்சுங்கண்ணா.”

“கடேசி ஸீட்டுல ரெண்டு காலியாக் கெடக்குதே. அந்த ரெண்டு புள்ளைங்க எங்க? வாராவாரம் கடேசியா ஏறுதுங்களே, செவத்துல ஒக்காந்து கத பேசிக்கிட்டு. அதுங்களுக்கு ஹாரன் அடிச்சே எம்பட கை ஓஞ்சு போச்சு.”

எல்லோரையும் வரைந்தவள் எங்களை வரையவில்லை. நானும் கவனிக்கவில்லை.

செ.க்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜை மேல் வைத்தேன். “டிரைவரண்ணன் பேசறாரு” என்று மட்டும் சொன்னேன்.

“ஏஞ்சாமி செல்வி, நல்லா இருக்கறயா?”

“...அண்ணா! நல்லா இருக்கறனுங்கண்ணா. நீங்க?”

“நான் நல்லா இருக்கறேன். வண்டிதான் நிக்குது. நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஏறல.”

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு மெதுவாக, “நாங்க அதுல இல்லீங்கண்ணா. நீங்க எடுங்க.”

“அதெப்படி எடுக்கறது? பொம்பளப் புள்ளைங்கள ரோட்டுல உட்டுட்டு மேல போனா உங்கப்பனுக்கு ஆரு பதில் சொல்றது?”

டிரைவரண்ணன் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் பழைய பழக்கத்தில் ஹாரன் விசையை அழுத்தினார். ஒரு நீளம், இரண்டு குட்டை. மையத்தில் சுவர் அதிர்ந்தது.

போனில் செ., பத்தொன்பது வயசுக் குரலில், யோசிக்காமல், “வாரேனுங்கண்ணா, வாரேன் வாரேன்!”

நாற்காலி இழுபடுகிற சத்தம். வரைபலகையைத் தேடுகிறாள். “கலை, அவரை எந்திரிக்க உடாத. நீ என்ன கலர் சுடிதாரு அப்ப?”

“மஞ்சள்.”

“எனக்குப் பச்ச. அரை மணி நேரம் குடு.”

மணி பன்னிரண்டே கால். டிரைவரண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ் நாற்பத்தேழில் நிற்கிறது. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.